பாலத்துக்கு அப்பாலுள்ள லீக்

போன கிழமை அபிராமி தொலைபேசியில் கூப்பிட்டாள். கல்லூரியின் விளையாட்டுப் பகுதியில் நான் ஓய்வுபெற்றபோது விட்டுவிட்டு வந்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள். இங்கேயே பிறந்த பிள்ளை. தமிழில் தொடங்கிய ஒரு வசனத்தை அவள் தமிழிலேயே முடித்து நான் இன்னும் கேட்கவில்லை.

“அன்ரி, எங்கட ரீம்ஸ் திரும்ப லீக் மாறப்போகுது. பிக்கர் கொன்ஃபரன்ஸ். லாஸ்ற் ரைம் மாறினது ஹெல்ப் பண்ணினதோ, ஹேர்ட் பண்ணினதோ எண்டு மீற்றிங்கில கேக்கினம். இங்க நோபடி நோஸ். நீங்கள்தான் தட் ரைம் இருந்தனீங்கள். ஜஸ்ற் ஒரு லைன் சொல்லுங்கோ, போதும்.”

“ஒரு வரியில சொல்ல உது என்ன, ஸ்னோ வருமோ வராதோ எண்ட கதையோ? எழுதித் தாறன், பொறு.”

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. தாய் வாசித்துக் காட்டட்டும். தாய்க்கும் தெரியவேண்டிய கதைதான்.

நான் அந்த வேலைக்கு வந்த விதத்தைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடினேன். கனடாவுக்கு வந்து ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு அப்பார்ட்மென்ரில், மூன்று குடும்பங்களுக்கு ஒரு குசினி என்று இருந்த காலத்தில், கல்லூரி ஒன்றின் ஜிம்மில் வியர்வை உடுப்புத் தோய்க்க ஆள் தேவை என்று அறிந்து போனேன். தோய்த்தேன். பிறகு சாமான் அறையைப் பூட்டித் திறக்கும் திறப்பைத் தந்தார்கள். பிறகு அணிகள் வெளியூர் போய்வரும் ஒழுங்கெல்லாம் என் தலையில் விழுந்தது. என் பெயர் ஜெசிந்தா. கல்லூரிக்கு நான் ஜெசி, பொடியன்களுக்கு ஜெசி அன்ரி.

வெளியூர் ஆட்டம் என்றால் முதல் நாளே என் ஆட்டம் தொடங்கிவிடும். பந்துகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பேன். காற்று அளக்கும் கருவி இருந்தது, ஆனால் அதை ஒவ்வொரு கோச்சும் ஒவ்வொரு விதமாக வாசிப்பார்கள். கணுக்காலுக்குச் சுற்றும் ரேப், ஐஸ் பெட்டி, மருந்துப் பெட்டி, சாப்பாடு. ஜேர்சிகளை இலக்க வரிசையில் மடித்துத் தனிப் பையில் வைப்பேன். அந்தப் பை பஸ்ஸில் போகாது, நான் ஓட்டும் வானில் போகும். கையில் கொடுத்தால் பஸ்ஸிலேயே போட்டுக்கொண்டு நித்திரை கொண்டு, கசங்கிப்போய் ஏதோ அடிபட்டு வந்தவர்கள் போலக் களத்தில் நிற்பார்கள். அங்கே போய், உடை மாற்றும் அறை வாசலில் வைத்துத்தான் கொடுப்பேன்.

எங்கள் மேலதிகாரி மிஸ்டர் ஹார்டிங். விளையாட்டுப் பகுதி முழுவதற்கும் பொறுப்பானவர். கோபம் வரவரக் குரல் தாழ்ந்துகொண்டே போகும் மனிதர். அவர் கதைப்பதைக் கேட்கக் குனியவேண்டி வந்தால், பிழை விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். கூட்டத்தில் மேசையைச் சுற்றி எல்லோரிடமும், உடுப்புத் தோய்க்கிற என்னிடமும்கூட, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்பார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழுத்து ரையின் நுனியால் துடைப்பார். துடைத்து முடிந்ததும் அவர் வரும்போதே எடுத்துக்கொண்டு வந்த முடிவைச் சொல்வார். இன்னொரு பழக்கமும் இருந்தது. பஸ் புறப்படுமுன் அவரே ஏறி, கடைசி ஆசனத்திலிருந்து முன்பக்கமாக நடந்து, ஒவ்வொரு ஆசனத்தின் தலைப்பகுதியையும் கையால் தொட்டு ஆட்களை எண்ணுவார். எண்ணி முடிக்காமல் பஸ் நகராது. அந்த வேலையை அவர் வேறு ஒருவருக்கும் விட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் கல்லூரியில் ஓரளவுக்கு உருப்படியாக இருந்தது ஆண்கள் கரப்பந்து அணி. அதில் பாதிக்கு மேல் எங்கள் பொடியன்கள். ஊர் வளவுகளில் ஓவர் கேம் என்ற ஊர்முறைக் கரப்பந்து விளையாடிப் பழகி, இங்கே வந்து, ஒருவன் தூக்கிக் கொடுக்க மற்றவன் அடிக்கும் செற்றப் முறையைப் பிடித்துக்கொண்டவர்கள். அதில் கேதீஸ் என்பவன் செற்றர், அதாவது அடிப்பவனுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். கேதீஸ் தூக்கிக் கொடுத்தால் குருடனும் அடிப்பான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஆள் அதிகம் கதைக்கமாட்டான். தாயும் தகப்பனும் ஒரே நாளில் ஷெல் விழுந்து போனவர்கள்.

அப்போது நாங்கள் இருந்தது ஒன்ராறியோவுக்குள்ளேயே நடக்கும் சின்ன லீக். ஒஷாவா, ஹமில்ரன், கிங்ஸ்ரன் என்று சனிக்கிழமைகளில் போய்வருவோம். பார்க்க வருவது பொடியன்களின் மச்சான்மாரும் மாமன்மாரும்தான். ஒரு பெட்டி மட்டன் றோல்ஸோடு வந்து, றெஃபரியைத் தமிழில் திட்டிவிட்டுப் போவார்கள். வெல்லுவோம். வென்றது வேறு ஒருவருக்கும் தெரியாது.

அமெரிக்கப் பக்கத்துக் கல்லூரிகள் இருந்த லீக்கில் ஓர் இடம் காலியானதும் மிஸ்டர் ஹார்டிங் துள்ளி எழும்பினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அங்கே ஜிம் நிறையச் சனம் வரும். பெரிய பல்கலைக்கழகக் கோச்மார் வந்து ஆட்களைப் பார்ப்பார்கள். பேர் எடுத்தால் ஜிம்முக்குப் புதுத் தரை போடக் கல்லூரி இணங்கும், பெண்கள் அணிக்கும் வாசல் திறக்கும். பொடியன்களையும் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் ஓம் என்றார்கள். கேதீஸ் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்.

“சேர், பாதி ஆட்டம் அங்கேயா?”

“ஓம், பாதி அங்கே,” என்றார். அவன் கதிரைக்குக் கீழே பார்க்கத் தொடங்கினான்.

பிறகு நான்தான் மிஸ்டர் ஹார்டிங்குக்கு விளங்கப்படுத்தினேன். கேதீஸின் அகதி வழக்கை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் லாண்டட் என்று நாங்கள் சொல்லும் நிரந்தர வதிவிடம் வரவில்லை. அடையாளப் பத்திரம் கேட்டார்கள். அவனிடம் ஏது? காசு வாங்கி ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் கொடுத்த பாஸ்போட்டை ஏஜென்சிக்காரனே திருப்பி வாங்கிக்கொண்டான். பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு எரிந்துவிட்டது. லாண்டட் வரும்வரை அவனால் எல்லை தாண்ட முடியாது. அவனைப்போல அணியில் இன்னும் சிலர் இருந்தார்கள். கேதீஸுக்கு மட்டும் ஓர் அவசரமும் இருந்தது. அவனுடைய தங்கச்சி சுகந்தி, பெரியம்மாவோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று அவளை இவன் கனடாவுக்குக் கூப்பிடலாம். ஆனால் இவனுக்கு லாண்டட் கிடைத்திருக்க வேண்டும், அவளுக்கு வயது கடந்திருக்கக் கூடாது. அவளுடைய வயது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மிஸ்டர் ஹார்டிங் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு வழக்கறிஞரைப் பிடித்துக் கேட்டார். ஆட்டங்கள் தொடங்குமுன் பத்திரம் வந்துவிடும் என்று அந்த ஆள் சொன்னார். குடிவரவுப் பகுதிக்குக் கேதீஸைப் பற்றி மிஸ்டர் ஹார்டிங் தானே ஒரு கடிதம் எழுதினார். எழுதியதை அவனுக்கு வாசித்தும் காட்டினார். கேதீஸ் அன்று சாமான் அறைக்கு வந்து, “அன்ரி, இவ்வளவு நாளில எனக்காக ஒரு வெள்ளைக்காரன் கையெழுத்து வைச்சது இதுதான் முதல்தரம்,” என்றான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

லீக் மாறினோம். பத்திரம் வரவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்களிடம் இரண்டு அணிகள் இருந்தன. வீட்டில் ஆடும்போது ஓர் அணி, எல்லைப் பாலம் தாண்டி அமெரிக்கப் பக்கம் போகும்போது வேறோர் அணி. வீட்டில் வென்றோம். பாலத்துக்கு அப்பால் போய் உதை வாங்கிக்கொண்டு வந்தோம். அங்கத்தைய ஜிம்முக்குள் முதல் முறை நுழைந்தபோது நானே வாசலில் நின்றுவிட்டேன். அவ்வளவு சனம், அவ்வளவு சத்தம், மேளம் வேறு. எங்களுடைய மாற்றுச் செற்றர் பாவம், தன் கோச் கத்துவதே காதில் விழாமல் விழித்துக்கொண்டு நின்றான். கேதீஸ் அந்த நேரம் ரொறன்ரோவில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பான். நான் அங்கிருந்து எடுத்து முடிவைச் சொன்னால், “ம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவான்.

புது லீக்கில் ஒரு விதி இருந்தது. முதல் வருடம் வரும் அணி கடைசி இடத்துக்குப் போனாலோ, ஓர் ஆட்டத்துக்கு வராமல் விட்டாலோ, அடுத்த வருடம் இடமில்லை. பழைய லீக்கில் எங்கள் இடத்தை ஏற்கெனவே வேறு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதாவது, இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. கடைசி ஆட்டம் அமெரிக்கப் பக்கத்தில். அந்தக் கிழமை பயிற்சியில் மாற்றுச் செற்றரின் விரல் முறிந்தது.

இனி நான் சொல்வது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. எங்களில் எத்தனை பேர் சொந்தப் பெயரில் கனடா வந்தோம்? தலை மாற்றிய பாஸ்போட்டில், அதாவது வேறொருவருடைய பாஸ்போட்டில் எங்கள் படத்தை ஒட்டி, வழி முழுக்க இன்னொருவராக இருந்து வந்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உயிர் தப்ப வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் மனதில் ஊறிவிட்டது. எல்லை என்றால் வேறு ஆளாகக் கடக்கிற இடம் என்று ஆகிவிட்டது. கேதீஸுக்கு மிசிசாகாவில் ஒரு பெரியப்பா மகன் இருந்தான். முகச்சாடையும் ஒன்றுதான். அவனுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. கேதீஸ் அவனுடைய குடியுரிமை அட்டையைக் கேட்டான், அவனும் ஒரு சட்டையை இரவல் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்தான்.

அன்று நான் வழமைபோல வானில் சாமான்களோடு பஸ்ஸுக்குப் பின்னால் போனேன். கேதீஸ் பஸ்ஸில் இருப்பது எனக்குத் தெரியாது. பாலத்தின் அந்தப் பக்கம் போனதும் பஸ்ஸை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். நானும் நிறுத்தினேன். சிறிது நேரத்தில் மிஸ்டர் ஹார்டிங் இறங்கி என்னிடம் வந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்க நான் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

“உள்ளே வா, ஜெசி. அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறானில்லை.”

உள்ளே ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, இந்தப் பக்கம் கேதீஸ், நடுவில் அந்த அட்டை. அதிகாரி சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. தன் வேலையைச் செய்தார். பெயர் என்ன என்று கேட்டார். கேதீஸ் பெரியப்பா மகனின் பெயரைச் சொன்னான். பிறந்த திகதியைச் சொன்னான், முகவரியைச் சொன்னான். நன்றாகப் பாடமாக்கி வந்திருந்தான்.  அவன் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, கனடாப் பக்கத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக வந்தது. பிறகு தாயின் பெயர் என்ன என்று கேட்டார்.

கேதீஸ் என்னைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான்.

“இராசலட்சுமி,” என்றான்.

அது அவனுடைய தாயின் பெயர். ஷெல்லில் போன மனுசியின் பெயர். அதை மொழிபெயர்க்க என் தேவை இருக்கவில்லை. அதிகாரி தொலைபேசியில் இரண்டு வார்த்தை கேட்டார், வைத்தார், அட்டையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

வெளியே பஸ் நின்றது. மற்றவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இவனை விசாரித்துக் கனடாப் பக்கம் திருப்பி அனுப்பச் சில மணித்தியாலம் ஆகும், காத்திருந்தால் ஆட்டத்துக்கு வராத அணி ஆவோம். மிஸ்டர் ஹார்டிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ரையால் துடைத்தார். நீ என்ன நினைக்கிறாய் என்று அன்றைக்கு மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

“நீ இவனோடு நில், ஜெசி. சாமான்களைப் பஸ்ஸில் ஏற்று.”

ஏற்றினேன். பொடியன்கள் இறங்கி வந்து தூக்கினார்கள். ஜேர்சிப் பையிலிருந்து கேதீஸின் ஜேர்சியை மட்டும் எடுத்து வானின் முன் ஆசனத்தில் போட்டேன். பஸ் போவதை அவன் அந்த அறையின் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த நேரம் வந்த கோபம் யார்மீது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லோர்மீதும்தான்.

பொழுதுபட அவனை இந்தப் பக்கம் விட்டார்கள். இங்கேயும் விசாரித்தார்கள், எழுதிக்கொண்டார்கள். ரொறன்ரோவுக்குத் திரும்பும் வழியில்தான் கேட்டேன்.

“ஆரைக் கேட்டு நீ பஸ்ஸில ஏறினனீ? உனக்கு என்ன விசரோ? உன்ர தங்கச்சியை நினைச்சுப் பாத்தனியோ?”

“செற்றர் இல்லாமல் போனால் ரீமைத் தூக்கிப்போடுவாங்கள் அன்ரி. ஹார்டிங் சேர் எனக்காகக் கடிதம் எழுதின மனுசன். நான் அந்தாளுக்கு என்ன செய்தனான்?”

“அதுக்கு இப்பிடியே செய்யிறது?”

“ஒவ்வொருதரமும் பஸ்ஸுக்குள்ள எட்டிப் பாத்துப்போட்டு விடுறவங்களாம். பொடியள் சொன்னவங்கள். நானும் எத்தினை நாடு ஆரின்ரையோ பேரில கடந்து வந்தனான். அங்க ஒருத்தரும் அம்மான்ர பேரைக் கேக்கேல்லை அன்ரி. மற்றதெல்லாம் மாத்திச் சொல்லலாம். அதை மட்டும் வாய் மாத்துதில்லை.”



அணி அன்று தோற்றது. ஆனால் களத்தில் நின்றது. வேறோர் அணி எங்களைவிட மோசமாகத் தோற்றதால் கடைசி இடம் தப்பியது. அடுத்த வருடமும் அந்த லீக்கில் இருந்தோம். இரண்டு வருடத்தில் புதுத் தரை வந்தது. பெண்கள் அணியும் அந்த லீக்குக்குப் போனது. பல்கலைக்கழகக் கோச்மார் வந்தார்கள், எங்கள் பிள்ளைகள் சிலர் அவர்களோடு படிக்கப் போனார்கள். பெரிய வேலைகளில் இருக்கிறார்கள், கிறிஸ்மஸுக்கு எனக்குக் கார்ட் அனுப்புகிறார்கள். அபிராமி, கல்லூரிக்கு நல்லதா என்றால் நல்லதுதான். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் மேளச் சத்தத்தில் ஒருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. பாலம் தாண்ட முடியாத பொடியன்களை அடுத்த வருடம் அணிக்கு எடுக்கவே இல்லை. போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். அவர்களில் ஒருவனைப் பிறகு ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்யக் கண்டேன். கைவிரல்களில் ரேப் சுற்றியிருந்தான். “பாண் சுடுற அடுப்பில சுட்டுப்போட்டுது அன்ரி,” என்றான்.

கேதீஸின் குடிவரவுக் கோப்பை மேலதிக விசாரணை என்று எடுத்து வைத்தார்கள். பெரியப்பா மகனுக்கும் வில்லங்கம் வந்தது. அவன் இவனோடு கதைப்பதை விட்டான். மிஸ்டர் ஹார்டிங் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார், அதையும் சொல்ல வேண்டும். சுகந்திக்கு வயது கடந்தது. கொழும்பு லொட்ஜில் எத்தனை நாள்தான் இருப்பது? பொலிஸ் பதிவு, சோதனை, செலவு. பெரியம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குத் திரும்பினார். அந்த மாரியில் அங்கே மலேரியா. மருந்து தட்டுப்பாடு. அவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்ற செய்தி, அவளைப் புதைத்துக் கன நாளுக்குப் பிறகுதான் கேதீஸிடம் வந்து சேர்ந்தது. செத்தவீட்டுக்கு அவன் அறையில் கூடியவர்கள் பழைய அணிப் பொடியன்கள். ஒருவன் தேத்தண்ணி போட்டான். அழ ஒரு பெண்பிள்ளை வேண்டுமே என்று நான் அழுதேன். பொய்க்கு அழவில்லை.

மிஸ்டர் ஹார்டிங் ஓய்வுபெற்ற நாளில், கேக் வெட்டி எல்லோரும் போன பிறகு, சாமான் அறைக்கு வந்தார். கதவைத் தானே சாத்தினார்.

“அன்றைக்கு நான் எண்ணினேன், ஜெசி,” என்றார். “பஸ்ஸில். ஓர் ஆள் கூடுதலாக இருந்தது. அவன் கடைசி ஆசனத்தில் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தான். அவன் தலைக்கு மேலேதான் கையை வைத்தேன்.”

“பிறகு ஏன் இறக்கவில்லை?”

“வெல்லவேண்டும் போல இருந்தது.”

அந்த மனிதரை நான் மன்னித்தேனா என்று கேட்டால், இல்லை. அவரும் அதைக் கேட்டு வரவில்லை. அடுத்த நாள் காலையில் வழமைபோல ஜேர்சி தோய்த்தேன்.

கேதீஸுக்கு லாண்டட் கடைசியில் வந்தது. பத்திரத்தைக் கொண்டுவந்து என் குசினி மேசையில் வைத்தான்.  “இனி ஆரைக் கூப்பிட?” என்றான். பிறகு, ஒரு நாள் பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டான். லாண்டட் இருந்தாலும் அவன் அந்தப் பக்கம் போக முடியாது. அன்றைய பொய் அங்கே பதிவாகி இருந்தது. அதனால் இந்தப் பக்கக் கரையில் காரை நிறுத்தினேன். ஆறு பனிக்கட்டியை இழுத்துக்கொண்டு ஓடியது. மேலே பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

“அங்கால ஜிம் எப்பிடி அன்ரி? சனம் கத்துமோ?”

“கத்தும். மேளமும் அடிப்பினம்.”

தலையாட்டினான். பாலத்தின் மறுமுனையில் தெரிந்த கட்டடத்தைக் காட்டி, நாங்கள் இருந்தது அதுதானே என்று கேட்டான். ஓம் என்றேன். கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“அம்மான்ர பேரைச் சொல்லிப்போட்டு, அங்கதான் அன்ரி நான் சுகந்தியை விட்டனான்.”

அபிராமி, நீ கேட்ட ஒரு வரி அதுதான்.